இரத்தசோகை வரும்வரை காத்திருக்க வேண்டாம்: முதியோரைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். குடும்ப மருத்துவர்களாகவும் பொது மருத்துவர்களாகவும் நாள்தோறும் முதியவர்களைப் பார்த்துவரும் உங்கள் அனைவரையும் எண்ணி இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். என் தாயாருக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கடந்த சில ஆண்டுகளாகப் படித்தும், பொறுமையுள்ள சில மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டே எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். வயது முதிர்ந்த ஒருவர் கால் மரத்துப்போகிறது என்றோ, நடை தடுமாறுகிறது என்றோ, மறதி கூடிவிட்டது என்றோ சொல்லும்போது, ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கிறது என்பதைக் காரணமாக வைத்து வைட்டமின் பி12 குறைபாட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

என் தாயாருக்கு 74 வயது நடந்துகொண்டிருந்தபோது முதலில் பாதங்கள் மரத்தன. பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று சொன்னார். சில மாதங்களில் நாக்கு எரியத் தொடங்கியது. நாக்கின் மேற்பரப்பு சொரசொரப்பெல்லாம் போய்ச் சிவந்து வழவழவென்று ஆகியிருந்தது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும் நேரத்தில் மட்டும் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதனால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகம் கழுவப் பழகிக்கொண்டார். இருட்டில் நடக்க அஞ்சினார். அதன்பின் மறதி வந்தது. வாழ்நாள் முழுவதும் வீட்டுக் கணக்கைத் தாமே எழுதிவந்தவர், ஒரே செலவை மூன்று முறை எழுதிவிட்டுக் கூட்டல் ஏன் ஒத்துவரவில்லை என்று அழுதார். இயல்பிலேயே சாந்தமானவர், எங்கள்மீது சந்தேகப்படத் தொடங்கினார்.

ஒவ்வொரு தொல்லைக்கும் ஒவ்வொரு மருத்துவரிடம் போனோம். பாதத்திற்கு ஒருவர், நாக்கிற்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒருவர், மறதிக்கு ஒருவர். மூளை ஸ்கேனில் வயதுக்கேற்ற சுருக்கம் என்று எழுதியிருந்தது. ஹீமோகுளோபின் 12.4 கிராம், பி12 குறைந்தால் பெருக்கக்கூடிய சிவப்பணுக்களின் பருமனும் இயல்பான எல்லைக்குள் இருந்தது. "இரத்தம் நன்றாகவே இருக்கிறது, வயதாகிவிட்டது அல்லவா" என்ற சொற்களை நான் வெவ்வேறு அறைகளில் குறைந்தது ஐந்து முறை கேட்டிருப்பேன். அப்படிச் சொன்னவர்களுள் யாரும் அலட்சியமானவர் அல்லர். ஒவ்வொருவரும் தம்மிடம் கொண்டுவரப்பட்ட உறுப்பைக் கவனமாகவே பார்த்தார்கள். பாதத்தையும் நாக்கையும் மறதியையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய பணியாகவும் இருக்கவில்லை.

இப்படி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கடைசியாகப் பார்த்த ஒரு பொது மருத்துவர், அம்மாவைப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்களை மூடச் சொன்னார்; தாம் தாங்கிக்கொள்ளும் தொலைவிலேயே நின்றுகொண்டார். அம்மா சாய்ந்தார். அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அதன்பிறகுதான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 96 பிகோகிராம் என்று வந்தது. ஆய்வகம் தந்திருந்த கீழ் எல்லை 200. பி12-ஐ உடல் ஏற்கத் துணைநிற்கும் இரைப்பைப் புரதத்திற்கு எதிரான எதிர்பொருளும் இரத்தத்தில் இருந்தது. நோயின் பெயர் பெர்னிசியஸ் அனீமியா என்றார்; அனீமியா என்றால் இரத்தசோகை. அனீமியா இல்லாத ஒருவருக்கு அனீமியா என்று பெயர் கொண்ட நோய் எப்படி வரும் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் எல்லாக் குழப்பமும் அடங்கியிருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

இந்த நோயின் பெயர் அதன் வரலாற்றிலிருந்து வந்தது. தாமஸ் அடிசன் 1849-இல் இலண்டனில் இதைப் பற்றிப் பேசினார். காரணம் புலப்படாமல் வெளிறி, மெலிவின்றியே நலிந்து இறந்துபோகும் நோயாளிகளை அவர் வருணித்தார். 1872-இல் அன்டன் பியர்மர் அதற்கு 'உயிர்கொல்லும்' என்று பொருள்படும் அடைமொழியைச் சேர்த்தார். அக்காலத்தில் அது மிகையான சொல் அன்று. நோய் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. மருத்துவர்கள் கண்டதெல்லாம் வெளிறிய உடலும் நீர்த்த இரத்தமும் என்பதால் இரத்தமே நோயின் இருப்பிடம் ஆயிற்று. ஆனால் 1900-ஆம் ஆண்டிலேயே ரசல், பேட்டன், காலியர் என்ற மூவர், இதே நோயாளிகளின் தண்டுவடத்தில் பின்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சிதைந்துபோவதை விரிவாக எழுதிவிட்டார்கள். அதிர்வையும் மூட்டுகளின் நிலையையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதை தண்டுவடத்தின் அந்தப் பின்பகுதியில்தான் போகிறது. பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரிந்த என் தாயார், கண்ணை மூடியதும் சாய்ந்ததற்குக் காரணம் அதுவே.

1926-இல் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும், நாள்தோறும் ஈரலை நிறைய உண்ணக் கொடுத்து 45 நோயாளிகள் தேறியதை அறிவித்தார்கள். அதற்கு வழிகாட்டிய விலங்கு ஆய்வுகளைச் செய்த ஜார்ஜ் விப்பிளுக்கும் அவர்கள் இருவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் கண்டறியப்பட்டதால் உயிர் தப்பிய நீரிழிவு நோயாளி மைனாட் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து காப்பாற்றிய மனிதர் இன்னொரு நோய்க்கு மருந்து கண்டார் என்பது என்னை நெகிழச் செய்த செய்தி. ஈரலில் இருந்த பொருளைச் சிவந்த படிகங்களாகப் பிரித்தெடுத்தது 1948-இல்தான் கைகூடியது. உயிர்கொல்லி என்ற அடைமொழி அன்றோடு பொருள் இழந்தது. ஆனால் அனீமியா என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் குறை தெரிந்தால்தான் இந்த நோயைத் தேட வேண்டும் என்ற பழக்கத்தை அந்தச் சொல்தான் இன்றுவரை காத்துவருகிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பழக்கம் தவறு என்பதற்குச் சான்று புதிதும் அன்று. 1988-இல் ஜான் லின்டன்பாமும் அவருடைய குழுவினரும், பி12 குறைபாட்டால் நரம்பு அல்லது மனநலப் பாதிப்பு ஏற்பட்ட 141 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுள் 40 பேருக்கு, அதாவது 28 விழுக்காட்டினருக்கு, இரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் பெருத்திருக்கவும் இல்லை. நான்கில் ஒருவருக்கும் மேல் என்ற இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம், இரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை நான் எண்ணிக்கொள்கிறேன். மருத்துவர்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2024 மார்ச் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறியும், இரத்தசோகை இல்லை என்பதையோ சிவப்பணு பெருக்கவில்லை என்பதையோ மட்டும் வைத்து இந்தக் குறைபாட்டை மறுக்கக் கூடாது என்கிறது. இது உங்களுக்குத் தெரியாதது அன்று என்பதை அறிவேன். தெரிந்தது நடைமுறைக்கு வரவில்லை என்பதுதான் என் கவலை.

முதுமையில் இந்தக் குறைபாடு ஏன் இவ்வளவு கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்டபோது, சத்தான உணவு சாப்பிடச் சொல்லுங்கள் என்று எங்களுக்குக் கிடைத்த அறிவுரை எவ்வளவு பயனற்றது என்பதும் புரிந்தது. உணவில் உள்ள பி12 தனித்து வருவதில்லை. புரதத்தோடு பிணைந்து வருகிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும்தான் அந்தப் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். அவிழ்ந்த பி12-ஐ முதலில் உமிழ்நீரிலிருந்து வந்த ஒரு புரதம் பற்றிக்கொள்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் கணைய நொதிகள் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. அதன்பின் இரைப்பையின் சுவர் செல்கள் சுரந்த உள்ளார்ந்த காரணி என்ற புரதம் அதை ஏற்றுக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடி வரை கொண்டுசெல்கிறது. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டுமே அதை உள்வாங்கும் ஏற்பிகள் உள்ளன. இத்தனை கைமாறல்களில் எந்த ஒன்று தவறினாலும் தட்டு நிறைய உண்டவரும் பட்டினி கிடந்தவராகவே ஆகிறார்.

வயது கூடக்கூட இரைப்பையின் உட்சவ்வு நலிந்து அமிலம் குறைவது பலருக்கு நேர்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உணவோடு பிணைந்த பி12 கிடைக்காது. ஆனால் மாத்திரையிலோ செறிவூட்டிய உணவிலோ பிணைப்பின்றி இருக்கும் பி12 கிடைக்கும். முதியவர்களுள் 10 முதல் 30 விழுக்காட்டினர் வரை இந்நிலையில் இருக்கலாம் என்று கணித்த அமெரிக்க மருத்துவக் கழகம், 50 வயதைக் கடந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய பி12-இன் பெரும்பகுதியைச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ பெறுவது நல்லது என்று 1998-இல் அறிவுறுத்தியது. பெர்னிசியஸ் அனீமியா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே இரைப்பையின் சுவர் செல்களைத் தாக்குகிறது. உள்ளார்ந்த காரணியே இல்லாமல் போகிறது. 60 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கண்டறியப்படாத பெர்னிசியஸ் அனீமியா 1.9 விழுக்காட்டினருக்கு இருந்தது. உங்கள் காத்திருப்பு அறையில் ஒரு வாரத்தில் அமரும் முதியவர்களின் எண்ணிக்கையோடு அதைப் பொருத்திப் பாருங்கள்.

இந்தத் தன்னெதிர்ப்பு நோய் வேறு தன்னெதிர்ப்பு நோய்களோடு சேர்ந்து வருவதும் உண்டு. தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், வெண்புள்ளி, முதல் வகை நீரிழிவு ஆகியவற்றோடு இதற்கு உறவு உண்டு. என் தாயார் 19 ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவருகிறார். ஒவ்வொரு மருத்துவரிடமும் அதைச் சொன்னோம், ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டார்கள். அது ஒரு துப்பு என்று யாரும் கருதவில்லை.

பி12 குறைபாடு மெல்ல வருவதும் அதை மறைக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான், உடலில், பெரும்பாலும் ஈரலில், சேமித்து வைக்கப்பட்டிருப்பதோ 2 முதல் 5 மில்லிகிராம். வரவு நின்றாலும் அந்தச் சேமிப்பு கரைய ஆண்டுகள் ஆகும். அதனால்தான் 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த இரைப்பை அறுவையையோ, சிறுகுடலின் கடைப்பகுதியை நீக்கிய அறுவையையோ நோயாளி சொல்ல மறந்துவிடுகிறார். பிள்ளைகளுக்கோ அது தெரியவே தெரியாது. வயிற்றில் உள்ள பழைய தழும்பைப் பார்த்து இது எப்போது ஏற்பட்டது என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

மருந்துகளும் இதில் பங்கு வகிக்கின்றன. நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, அதிலும் கூடிய அளவில் எடுப்பவர்களுக்கு, பி12 குறைகிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இதை அரிதான ஒன்றாக அல்லாமல் பரவலாக நேரும் பக்கவிளைவாகவே அறிவித்தது. இங்கே ஒரு கொடிய சிக்கல் உண்டு. நீரிழிவாலும் பாதம் மரக்கும், பி12 குறைபாட்டாலும் பாதம் மரக்கும். நீரிழிவு நரம்பு நோய் என்று ஒரு முறை எழுதிவிட்டால், அந்த நரம்புகளைக் காப்பாற்றக்கூடிய இரண்டாவது காரணத்தை அதன்பின் யாரும் தேடுவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் எடுக்கும் முதியவர்களையும், பல காலமாகத் தாவர உணவு மட்டுமே உண்டு வருபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுவைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு, பி12 மூலக்கூறின் நடுவில் உள்ள கோபால்ட்டை ஆக்சிஜனேற்றம் செய்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. கையிருப்பு ஏற்கெனவே வற்றிப்போன முதியவர் அறுவைக்குப் பின் சில வாரங்களில் திடீரென நடை இழந்தால் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் தாயாரின் இரத்தம் ஏன் நன்றாக இருந்தது என்பதற்கு அந்த மருத்துவர் ஒரு காரணம் சொன்னார். தெம்புக்கு என்று நாங்களே வாங்கிக் கொடுத்துவந்த சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருந்தது. ஃபோலிக் அமிலம் பி12 இல்லாத குறையை எலும்பு மச்சையில் ஓரளவு ஈடுகட்டும், நரம்பில் ஈடுகட்டாது. 1940-களில் செயற்கை ஃபோலிக் அமிலம் கைக்கு வந்தபோது பெர்னிசியஸ் அனீமியா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது, தண்டுவடமோ தொடர்ந்து சிதைந்தது. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன் கற்ற அந்தப் பாடம் எங்கள் வீட்டில் மீண்டும் நடந்தது. அன்போடு நாங்கள் கொடுத்த மாத்திரைதான் எச்சரிக்கை விளக்கை அணைத்து வைத்திருந்தது என்பதை நான் இன்னும் எளிதாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே நோயாளி எடுக்கும் மருந்துகளைக் கேட்கும்போது கடையில் தாமாக வாங்கும் சத்து மாத்திரைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிவப்பணுவின் பருமன் இயல்பாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாடோ, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபுக்கூறோ கூடவே இருந்தால், அது பருமனைக் குறைக்க, பி12 குறைபாடு கூட்ட, சராசரி மட்டும் இயல்பாகத் தெரியும். இரைப்பை அமிலம் இல்லாதவருக்கு இரும்பும் சரியாகக் கிடைக்காது என்பதால், இந்த இரு குறைபாடுகளும் ஒருவரிடமே கூடியிருப்பது வியப்பன்று.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இரத்தத்தில் மொத்த பி12-ஐ அளக்கும் சோதனை எளியது. அதையே முதலில் செய்யுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஆனால் அதன் முடிவு 200-க்கும் 300-க்கும் இடையில் வரும்போது, கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்காகத் தாளை மூடி வைத்துவிட வேண்டாம். செல்களுக்குள் பி12 போதவில்லை என்றால் மீத்தைல்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் இரத்தத்தில் கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வேறு காரணமாகவும் அவை கூடும் என்பதை நினைவில் கொண்டு அவற்றைப் பார்க்கலாம். உள்ளார்ந்த காரணிக்கு எதிரான எதிர்பொருள் காணப்பட்டால் நோய் ஏறத்தாழ உறுதி. காணப்படாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது, ஏனெனில் நோயுள்ளவர்களுள் பாதிப் பேர் அளவில்தான் அது தென்படுகிறது. அதே எதிர்பொருள் சில ஆய்வக முறைகளில் குறுக்கிட்டு, வற்றிப்போன பி12-ஐ இயல்பான அளவாகக் காட்டிவிடுவதும் உண்டு. தாளில் உள்ள எண்ணும் எதிரில் அமர்ந்திருப்பவரின் பாதமும் முரண்பட்டால், எண்ணை இன்னொரு முறை ஐயுறுங்கள். நரம்புப் பாதிப்பு தெளிவாக இருக்கும்போது, இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு அன்றே ஊசியைத் தொடங்கலாம்; முடிவுகளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதால் இழப்பு நோயாளிக்குத்தான். உடலுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும் பி12 பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது; அதற்கு நச்சு எல்லை என்று எதுவும் வகுக்கப்படவில்லை.

அம்மாவுக்கு முதல் இரண்டு வாரங்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி போட்டார்கள். பத்து நாளில் நாக்கு எரிச்சல் அடங்கியது. நான்காம் மாதத்தில் ஒரு காலை நேரத்தில் கணக்கு நோட்டைத் தாமே கேட்டு வாங்கி, விடுபட்ட மாதங்களின் செலவையெல்லாம் எங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினார். அவருடைய பழைய கையெழுத்தை அந்தப் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இந்த மடலில் எழுத முடியாது. சந்தேகமும் கோபமும் போயின. பாதங்கள் மட்டும் முழுதாகத் தேறவில்லை. இன்றும் அவருக்குத் தரையின் குளிர்ச்சி தெரியாது. செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தாலும் தெரியாது. நரம்பு எவ்வளவு காலம் பட்டினி கிடந்ததோ அதைப் பொறுத்தே மீட்சி அமையும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு ஆண்டுகள் என்பது ஒரு நரம்புக்கு நீண்ட காலம்.

இரண்டாவது பிழை அதன்பின் நடந்தது. நாங்கள் வீடு மாற்றியதால் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மீண்டும் பி12 அளவைப் பார்த்தார்கள். எல்லைக்கு மேலே 1,200 என்று வந்தது. போதிய அளவுக்கு மேலேயே இருக்கிறது, ஊசி இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டுக்கொள்பவரின் இரத்தத்தில் பி12 கூடுதலாக இருப்பது ஊசியின் விளைவு. குடல் அதை ஏற்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அன்று. உள்ளார்ந்த காரணியை இழந்த இரைப்பை அதை மீண்டும் சுரக்கப்போவதில்லை. நாங்களும் மருத்துவர் சொல்லை நம்பி நிம்மதியாக இருந்தோம். ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து அம்மா தயங்கித் தயங்கி நாக்கு மறுபடி எரிகிறது என்றார். அதை எங்களிடம் சொல்வதற்கு முன் பல நாள் அவர் பேசாமல் இருந்திருக்கிறார், எங்களுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற அச்சத்தில்.

பெர்னிசியஸ் அனீமியாவுக்கான சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. பி12-இன் இரு வடிவங்களுள் ஹைட்ராக்ஸோகோபாலமின் என்றால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, சயனோகோபாலமின் என்றால் பொதுவாக மாதம் ஒரு முறை என்று ஊசி வழக்கமாகப் போடப்படுகிறது. ஊசிக்கு வர இயலாத முதியவர்களுக்கு மாத்திரையும் ஒரு வழியே. உள்ளார்ந்த காரணி இல்லாவிட்டாலும், விழுங்கும் அளவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு தானாகவே குடல் சுவரைக் கடக்கிறது; அதனால் நாளொன்றுக்கு 1,000 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை கொடுத்தால் தேவையான சில மைக்ரோகிராம்கள் உள்ளே சேர்ந்துவிடும். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்போது ஊசியில் தொடங்குவதே பாதுகாப்பானது என்பதையும், மறதியுள்ள ஒருவர் தினமும் மாத்திரையைத் தவறாமல் விழுங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதையும் நீங்கள் எடைபோட்டுப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். எந்த வழியாயினும், ஏன் கொடுக்கிறோம், எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும் என்பதை நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது முன்பே எழுத்தில் கிடைத்திருந்தால், ஊசியை நிறுத்தச் சொன்ன அன்றே நாங்கள் மறுத்துப் பேசியிருப்போம்.

மறதியுள்ள எல்லாரும் பி12 கொடுத்தால் தெளிந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. குறைபாடு இல்லாத முதியவர்களுக்குப் பி12 கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நினைவாற்றல் மேம்பட்டதாகத் தெரியவில்லை என்பதைப் படித்திருக்கிறேன். குறைபாடு இருந்து, அதைச் சரிசெய்த பிறகும் மறதி தொடர்பவர்களும் பலர். அல்சைமர் நோயால் தாயையோ தந்தையையோ மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுப்பது கொடுமை. ஆனால் முதுமை மறதி என்ற முடிவை எழுதுவதற்கு முன், திருத்தக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அந்தக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் குறைந்த அளவு நியாயம். ஒரு குழாய் இரத்தத்தில் முடிகிற சோதனை அது. பல இடங்களில் மறதிக்கான முதல் கட்டப் பரிசோதனைகளில் பி12 இடம்பெற்றுவிட்டது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். கால் மரப்புக்கும், அடிக்கடி கீழே விழுவதற்கும், காரணம் தெரியாத மனச்சோர்வுக்கும் அதே அக்கறை இன்னும் வரவில்லை.

உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காத்திருப்பு அறை நிறைந்திருக்கும்போது ஒரு முதியவரின் காலணியைக் கழற்றச் சொல்லி, அவர் குனிந்து அதைக் கழற்றி முடிக்கும்வரை பொறுத்திருப்பது எளிதன்று. இருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி நிற்கச் சொல்லி அருகில் நின்றுகொள்ளுங்கள். இருட்டில் நடக்கப் பயமாக இருக்கிறதா, முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா என்று கேளுங்கள்; முதியவர்கள் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை, ஏனெனில் வயதானால் இப்படித்தான் என்று அவர்களும் நம்பிவிட்டிருக்கிறார்கள்.

மருத்துவர் சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்களிடமும், முதியோர் உடல்நலப் பரிசோதனைக்கான படிவங்களை வகுப்பவர்களிடமும் கேட்க இரண்டு உண்டு. மெட்ஃபார்மினையோ அமிலம் குறைக்கும் மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் உள்ளவர்கள், இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை நடந்தவர்கள் ஆகிய முதியவர்களுக்கு நடை, உணர்வு, நினைவு இவற்றில் ஏதேனும் ஒரு மாற்றம் தெரிந்தாலே பி12 பார்க்க வேண்டும் என்று படிவத்தில் சேருங்கள். பெர்னிசியஸ் அனீமியா உறுதியானவர்களின் பதிவேட்டில், ஒவ்வாமையை எழுதுவதுபோல முதல் பக்கத்திலேயே, 'பி12 வாழ்நாள் முழுவதும். இரத்த அளவு கூடியிருக்கிறது என்பதற்காக நிறுத்தக் கூடாது' என்று எழுதும் முறையைக் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு இரைப்பையில் கட்டிகள் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், வயிற்றுத் தொல்லை புதிதாக வந்தாலோ இரும்புச்சத்து குறைந்தாலோ கவனிக்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் குறிக்கலாம்.

அம்மாவின் கோப்பின் முதல் பக்கத்தில் அந்த வரியை நாங்களே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். புதிதாக ஒரு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உள்ளே நுழைந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைப்பவர் இப்போது அம்மாதான்.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு மகள்